பத்துக் கோடும் நிறைந்திருந்தது

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் தம்பி. எனக்கு வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. இந்த ரோட்டில் நாற்பது வளைவு. கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த வளைவில் இருக்கிறோம் என்று வயிறே சொல்லிவிடும். பொள்ளாச்சிக்குத்தானே? நானும் அங்கேதான். பதினொரு மணிக்கு எனக்கு அங்கே ஒரு ஜோலி. நல்ல ஜோலி இல்லை.

சத்தம் மாறியது கேட்டதா? டிரைவர் கியரைக் குறைத்துவிட்டான். இனி அடிவாரத்து ஆழியாறு வரைக்கும் பிரேக்கை அதிகம் மிதிக்கமாட்டான். இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கும். தெரிந்தவன்.

எனக்கும் தெரியும். முப்பத்தொரு வருஷம் எஸ்டேட் டிராக்டர் ஓட்டியவன் நான். மேல் டிவிஷனிலிருந்து கீழே ஃபேக்டரிக்குத் தேயிலைக் கொழுந்து மூட்டை. நாலு கிலோமீட்டர் இறக்கம், பதினோரு திருப்பம். ஒரு மூட்டை சரிந்ததில்லை. பேர் சுடலையாண்டி. பேரை எழுதத் தெரியும், அதற்கு மேல் படிப்பு ஏறவில்லை. நீங்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்துத்தான் இந்த சீட்டுக்கு வந்தேன். ஒரு பேப்பர் படிக்கவேண்டும். அவசரமில்லை, அப்புறம் தருகிறேன்.

திரும்பிப் பார்க்காதீர்கள். நமக்குப் பின்னால், பெண்கள் பக்கம், இரண்டு சீட் தள்ளி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். கக்கத்தில் வைக்கிற கம்பு ஒன்று வைத்திருப்பாள். திரும்பாதீர்கள் என்றேனே. அவள் பேர் அமலோற்பவம். அவளும் பதினொரு மணிக்கு அதே இடத்துக்குத்தான் வருகிறாள். லேபர் ஆபீசர் முன்னால் விசாரணை. அவளுக்கு வேலை இருக்கிறதா போகிறதா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும். வேலை போனால் லைன் வீடும் போகும். எஸ்டேட்டில் வேலை இல்லாதவருக்கு வீடு இல்லை. அதில் நான் சாட்சி. எங்கள் எஸ்டேட்டிலிருந்து காலையில் ஒரே பஸ். நான் என்ன செய்ய? வேறு பஸ்ஸா விடுவார்கள் எனக்காக?

மெதுவாகப் பேசுகிறேன். இஞ்சின் சத்தத்தில் அவளுக்குக் கேட்காது.

போன வருஷம் எஸ்டேட்டுக்கு ஒரு பேட்டரி வண்டி வந்தது. சின்ன லாரி மாதிரி இருக்கும், பின்னால் தொட்டி, முக்கால் டன் தாங்கும். டீசல் இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. சத்தம் இல்லாத வண்டி என்ன வண்டி? வருகிறதா நிற்கிறதா என்றே தெரியாது. அது வந்து இறங்கிய அன்று நான் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றேன். என் வீட்டுக்காரி பேச்சித்தாய் சட்டைக்கு இஸ்திரி போட்டுத் தந்தாள். மொத்த எஸ்டேட்டுக்கும் தெரியும், அந்தச் சாவி எனக்குத்தான் என்று.

மேனேஜர் துரை சாவியை எடுத்தார். எடுத்து அமலோற்பவத்தின் கையில் கொடுத்தார்.

கொழுந்து பறிக்கிறவள் தம்பி. கூடை சுமந்தவள். ஏதோ பயிற்சிக்கு அனுப்பினார்களாம், லைசென்ஸ் எடுத்தாளாம். எனக்கு என்ன கொடுத்தார்கள்? மேல் டிவிஷன் எடைக் கொட்டகை. மூட்டையை எடை போட்டு அவள் வண்டியில் ஏற்றிவிடவேண்டும். டிராக்டரை அங்கேயே ஒரு மூலையில் நிறுத்திவிட்டார்கள், ஆபத்து அவசரத்துக்கு என்று. என்னையும் அதே மாதிரிதான்.

அவள் குணம் கெட்டவள் என்று சொல்லமாட்டேன். சாவி வாங்கிய கையோடு நேராக என்னிடம்தான் வந்தாள். "அண்ணே, நீங்க முதல்ல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க. உங்க கை பட்டாத்தான் எனக்குத் தைரியம்" என்றாள். இதை மரியாதை என்று நினைக்கிறீர்களா? எல்லாரும் பார்க்க எனக்குப் போட்ட பிச்சை என்று அன்றைக்கே நினைத்தேன். இருந்தாலும் ஏறினேன். கோயம்புத்தூரிலிருந்து வந்த சர்வீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஃபேக்டரிக்கு இறங்குகிற அந்தச் சரிவில் விட்டேன். பழக்கதோஷம். டீசல் மிச்சம் பிடிக்க சரிவில் நியூட்ரல் போடுவோம், எல்லா டிரைவரும் செய்கிறதுதான். போட்டேன். வண்டி பாய்ந்தது பாருங்கள், சத்தமே இல்லாமல்! சர்வீஸ்காரர் கத்தினார். "பெரியவரே, நியூட்ரல் போட்டா மோட்டார் பிடிக்காது! கியரைப் போட்டுக் காலை மட்டும் எடுங்க!" போட்டுக் காலை எடுத்தேன். யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்த மாதிரி வண்டி அடங்கியது. கீழே நின்ற கூட்டம் சிரித்தது. கிளார்க் ஜெயசிங் கேட்டான், "என்ன சுடலை, முப்பது வருச அனுபவம் எங்க போச்சு?" என்று.

மறக்கவில்லை. அவன் போட்டிருந்த சட்டையின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது.

இதோ, வளைவு போர்டைப் பாருங்கள், முப்பத்தொன்று, இறங்க இறங்கக் குறையும். எண் படிப்பேன். எழுத்துதான் வராது.

அந்த வண்டியின் சங்கதி என்னவென்றால், ஏறும்போது மோட்டார் பேட்டரியிலிருந்து கரண்டைத் தின்னும். இறங்கும்போது காலை எடுத்தால், சக்கரம் மோட்டாரைச் சுற்றும், மோட்டார் தின்றதைத் திரும்பக் கக்கும். அந்தக் கரண்டு பேட்டரிக்கே போய்ச் சேரும். கக்குகிற அந்த நேரத்தில்தான் வண்டி அடங்கும். அதுதான் அதற்கு முக்கியமான பிரேக். காலால் மிதிக்கிற பிரேக்கும் உண்டு, ஆனால் சின்னது. நின்ற வண்டியைப் பிடிக்கும், கொஞ்சம் ஓடினால் பிடிக்கும். முக்கால் டன் சுமையோடு நாலு கிலோமீட்டர் சரிவை அது தாங்காது, சூடேறிவிடும்.

எங்கள் ரோட்டில் அது தோதான வண்டி, அதைச் சொல்லியாகவேண்டும். காலி வண்டி மேலே ஏறும், பாரத்தோடு கீழே இறங்கும். மீட்டரில் பத்துக் கோடு. கீழேயிருந்து ஏறி வரும்போது மூன்று கோடு தேய்ந்திருக்கும். இறங்கிப் போய்ச் சேரும்போது இரண்டு கோடு திரும்ப வந்திருக்கும். கரண்டு செலவே இல்லாத மாதிரி.

இதற்குப் போய் ஆபீஸ் வாசலில் கரும்பலகை வைத்தார்கள் தம்பி! தினமும் சாக்பீஸால் எழுதுவார்கள், இன்றைக்கு இறக்கத்தில் இத்தனை கோடு கிடைத்தது என்று. பக்கத்தில் அவள் பேர். அமலோற்பவம். படிக்கத் தெரியாவிட்டாலும் அது அவள் பேர் என்று தெரியும், பலகையில் பாதியை அடைத்துக்கொண்டு கிடக்கும். என் பேர் முப்பத்தொரு வருஷத்தில் ஒரே ஒரு தடவை ஆபீஸ் நோட்டீஸில் வந்தது. சுடலையாண்டி, டீசல் அதிகம், விளக்கம் கேட்கப்படுகிறது. டீசலை நானா குடித்தேன்? ரோடு அப்படி.

சர்வீஸ்காரர் ஒரு விதி வைத்துவிட்டுப் போனார். சார்ஜ் கீழே ஃபேக்டரியில் மட்டும் போடவேண்டும். மேலே போடக்கூடாது. நிறைந்த பேட்டரியோடு மேலேயிருந்து இறங்கவே கூடாது. ஏனென்றால் மோட்டார் கக்குகிறதை வைக்கப் பேட்டரியில் இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் மோட்டார் கைவிட்டுவிடும். எங்கள் கொட்டகைச் சுவரில்தான் இதை ஒரு அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார். நான் படிக்காதவன் என்று எனக்கு வாயாலும் சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

என்ன கேட்டீர்கள்? ஆமாம், எனக்குத் தெரியும். இல்லை என்று நான் சொல்லவில்லையே.

அந்த நாளுக்கு வருகிறேன். மழை விட்டு நல்ல கொழுந்து வருகிற பருவம். அமலி, அவளை அப்படித்தான் கூப்பிடுவோம், காலை எட்டு மணிக்கே காலி வண்டியோடு மேலே வந்துவிட்டாள். வந்த பத்து நிமிஷத்தில் கீழேயிருந்து போன். ஐந்தாம் திருப்பத்தில் யானைக் கூட்டம் நிற்கிறது, குட்டியும் இருக்கிறது, யாரும் இறங்கவேண்டாம் என்று. ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. யானை நகரவில்லை. அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. வண்டியை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கிறவர்களோடு தேயிலைக் காட்டுக்குள் போய்விட்டாள், கை ஒத்தாசைக்கு.

நானும் வண்டியும் மட்டும். போய் மீட்டரைப் பார்த்தேன். ஏழு கோடு.

தம்பி, நான் டாங்கில் பாதி டீசலோடு வண்டியை நிறுத்தியவன் இல்லை. நிறுத்தினால் நிரப்பித்தான் நிறுத்துவேன். அது ஒரு பழக்கம். கொட்டகையில் எடை மெஷினுக்கு ஒரு பிளக் இருக்கிறது. அவள் வண்டியில் அவசரத்துக்கென்று ஒரு சார்ஜர் ஒயர் சுருட்டி வைத்திருப்பார்கள். எடுத்தேன், சொருகினேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு வண்டிக்குத் தீனி போட்டேன். அதில் என்ன குற்றம்?

சரி. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, பொள்ளாச்சியில் இறங்கினால் நீங்கள் யாரோ நான் யாரோ. பேட்டரி நிறைந்திருந்தால் இறக்கத்தில் ஒரு கோடுகூட ஏறாது. அன்றைக்குப் பலகையில் அவள் பேருக்குப் பக்கத்தில் முட்டை விழும். அதை ஒரு நாள் பார்க்கவேண்டும் என்று இருந்தது. ஒரே ஒரு நாள். அதற்கு மேலே நான் ஒன்றும் நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை.

மூன்று மணிக்கு யானை இறங்கிப் போய்விட்டது என்று போன் வந்தது. அதற்குள் ஒயரைச் சுருட்டிப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். மூட்டை முழுக்க ஏற்றியாயிற்று. காலையில் பறித்த கொழுந்து மூட்டைக்குள் சூடேறிச் சிவக்க ஆரம்பித்திருந்தது, ஃபேக்டரியிலிருந்து விடாமல் போன். அமலி ஓடிவந்து ஏறினாள். சாவியைத் திருப்பினாள். மீட்டரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, யாரு சார்ஜ் போட்டது? பத்துக் கோடும் நெறைஞ்சிருக்கு."

நான் எடைச் சீட்டைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

"இதோட எறக்கக் கூடாதுண்ணே. மேல ரோட்டுல ஏத்தத்துல ரெண்டு சுத்து சுத்தி, ஒரு ரெண்டு கோட்டக் கொறச்சுட்டு அப்புறமா எறக்கறேன்."

சுற்றிலும் பதினைந்து பெண்கள், கூடையும் கையுமாக. காலையிலிருந்து யானைக்குப் பயந்து கீழே இறங்க முடியாமல் கிடந்தவர்கள், வீட்டுக்குப் போகவேண்டும் என்ற அவசரத்தில் நிற்கிறார்கள். நான் சொன்னேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். "சுத்து சுத்திட்டுப் போறதுக்கு இது என்ன மாதா கோயில் தேரா? பயமா இருந்தா எறங்கு தாயி, நான் டிராக்டர்ல கொண்டு போறேன்."

சிரித்தார்கள். பதினைந்து பேரும் சிரித்தார்கள். கல்யாணி என்று ஒருத்தி, "ஏத்தத்துல சுத்துறதுக்குள்ள எங்க வீட்டுல அடுப்பு அணைஞ்சிரும் அமலி!" என்றாள். இன்னும் சிரிப்பு. எனக்கே சிரிப்பு வந்தது. நல்ல வாய் சாமர்த்தியம் எனக்கு, எங்கள் டிவிஷனில் கேட்டுப் பாருங்கள்.

அவள் முகம் சிவந்துபோயிற்று. "எனக்கென்ன பயம்" என்றாள். வண்டியை நேராகச் சரிவில் விட்டாள். இரண்டு பெண்கள் மூட்டை மேலே தாவி ஏறிக்கொண்டார்கள், சட்டத்துக்கு விரோதமாக. அதற்கும் நானா பொறுப்பு?

இருபத்திரண்டு. நல்ல வளைவு இது, பார்த்தீர்களா, எப்படித் திருப்புகிறான்.

சத்தம் இல்லாத வண்டி என்றேனே. விழும்போது மட்டும் சத்தம் வந்தது. நான் டிராக்டரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நாலாம் திருப்பத்தில் மலைப்பக்கம் மேட்டில் முட்டிக்கொண்டு நின்றது. பள்ளத்துப் பக்கம் போயிருந்தால் மூன்று பேரும் இல்லை. தெரிந்துதான் மேட்டில் விட்டிருக்கிறாள். மூட்டை மேலிருந்த இரண்டு பேருக்கும் கீறல்தான். இவளுடைய இடது கால் உள்ளே மாட்டிக்கொண்டது. சக்கரத்திலிருந்து பிரேக் கருகிய வாடை. முகத்துக்கு நேரே வருகிறது அந்த வாடை.

நான்தான் தூக்கினேன் அவளை. என் டிராக்டரில்தான் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், ஒரு குலுங்கல் இல்லாமல். அதை யாராவது பலகையில் எழுதினார்களா? வழியெல்லாம் அவள் அழவில்லை. ஒரே வார்த்தையைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாள். "காலை எடுத்தேண்ணே. புடிக்கல. காலை எடுத்தேன், புடிக்கல."

வண்டி ஓட்டும்போது நான் பேசமாட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு மறுநாள் துரையும் ஜெயசிங்கும் வந்தார்கள். நான் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தேன். ஜெயசிங் கேட்டான், "மேல யாரு சார்ஜ் போட்டது?" என்று. அமலி என்னைப் பார்த்தாள். நேராக, கண்ணுக்குக் கண். அவளுக்குத் தெரியும் தம்பி. கொட்டகையில் அன்றைக்கு நான் ஒருத்தன்தான் இருந்தேன், வேறு யார் போட்டிருக்க முடியும்? பார்த்துவிட்டுச் சொன்னாள். "தெரியாது சார்."

ஏன் சொல்லவேண்டும் அப்படி? எனக்கு அப்போது ஆறு மாதம்தான் சர்வீஸ் பாக்கி, இப்போது நாலு. என் பேரைச் சொன்னால் அதுவும் போகும், வீடும் போகும், பேச்சித்தாயை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன். அதெல்லாம் அவளுக்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை. நான் கேட்டேனா? அன்றைக்குச் சாவி வாங்கின கையோடு ஒரு பிச்சை. இப்போது கால் உடைந்து படுத்துக்கொண்டு இன்னொரு பிச்சை. இவள் யார் எனக்கு? சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், மறுத்திருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும். "தெரியாது" என்று சொல்லிவிட்டால் நான் அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

பேச்சித்தாய் தினமும் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோகிறாள். இரண்டு மாதமாக. மீனாட்சி லைன் என்கிற வீட்டு வரிசையைத் தாண்டி, மழையோ வெயிலோ. என்னோடு பேசுவதில்லை. அவளாகக் கேட்கவும் இல்லை, நானாகச் சொல்லவும் இல்லை. சோறு வைப்பாள், போய்விடுவாள்.

போன வாரம் ஜெயசிங் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டான். நாற்காலி போட்டான் தம்பி, எனக்கு! டீ வாங்கிக் கொடுத்தான். "சுடலை, அந்தம்மாவா சார்ஜ் போட்டுச்சு?" என்றான். நான் தலையைச் சொறிந்தேன். "வேற யாரு போடப் போறா, அவங்கதானே டிரைவர்?" என்றான். "ஆமாம்" என்றேன். அவள்தானே டிரைவர்? அது உண்மைதானே? "விதி அவங்களுக்குத் தெரியுமில்ல?" "ஆமாம்." "தெரிஞ்சே எறக்குனாங்க?" "ஆமாம்." கேட்டதுக்கெல்லாம் ஆமாம் சொன்னேன், பொய் ஒன்றும் சொல்லவில்லை. டைப் அடித்துக் கொண்டுவந்தான். "நீ பாத்ததத்தான் எழுதியிருக்கு. போடு கையெழுத்து. உன் நாலு மாசமும் நிம்மதியாப் போகும்" என்றான். போட்டேன். இன்றைக்கு ஆபீசர் முன்னால் இதைக் கொடுத்து, என்னுடையதுதான் என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

இதுதான் அந்தப் பேப்பர். படியுங்கள். மெதுவாக. அவளுக்குக் கேட்கக்கூடாது.

"மேற்படி வாகனத்துக்கு மேல் டிவிஷன் எடைக் கொட்டகையில் சார்ஜ் போட்டது ஓட்டுநர் அமலோற்பவம்தான் என்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவ்வாறு செய்யவேண்டாம் என்று நான் எடுத்துச் சொல்லியும் அவர் கேட்கவில்லை."

நிறுத்துங்கள்.

நான் எடுத்துச் சொன்னேனாமா? அப்படியா எழுதியிருக்கிறது? இன்னொரு தடவை படியுங்கள். என் கண்ணால் பார்த்தேன்... எடுத்துச் சொல்லியும்... ம். ஜெயசிங் கெட்டிக்காரன். நான் சொல்லாததை எல்லாம் நான் சொன்ன மாதிரியே எழுதியிருக்கிறான். இதைக் கேட்டால் என்னைப் பெரிய நல்ல மனுஷன் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

வேண்டாம், மடித்துக் கொடுங்கள். போதும்.

உங்கள் முகம் பேசுகிறது. நீங்கள் என் இடத்தில் இருந்தால் தெரியும். முப்பத்தொரு வருஷம். நாலு மாதம்.

அட! பிடித்துக்கொள்ளுங்கள்! என்ன மிதி மிதிக்கிறான்... ஒன்பதாவது வளைவு. பாருங்கள் அந்தக் கார்க்காரனை, ஆழியாறு அணையைப் போட்டோ எடுக்கிறானாம், நடு ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு. எல்லாரும் முன்னால் போய் முட்டிக்கொண்டார்கள். உங்களுக்கு அடி இல்லையே?

காலில் என்னமோ வந்து இடிக்கிறது. கீழே பாருங்கள்.

அவள் கம்பு.

வழுக்கி வந்திருக்கிறது. சரிவுதானே, எல்லாம் முன்னால்தான் வரும். கண்டக்டர் எங்கே? அவன் அந்தக் கார்க்காரனோடு சண்டை போட இறங்கிவிட்டான். நீங்கள் கொடுக்கிறீர்களா? நீங்கள் ஜன்னல் பக்கம். என்னைத் தாண்டிப் போகவேண்டும். சரி. கம்பைக் கொடுப்பதில் என்ன இருக்கிறது? கொடுத்துவிட்டு வருகிறேன். இருங்கள்.

கொடுத்துவிட்டேன். "சரிண்ணே" என்றாள். அவ்வளவுதான். கால் இன்னும் கட்டோடுதான் இருக்கிறது, கீழே ஊன்றவில்லை. பக்கத்து சீட்டில் தூக்கி வைத்திருக்கிறாள். மெலிந்துபோனாள். பேச்சித்தாய் கஞ்சி கொடுத்து என்ன பிரயோஜனம்.

அந்தப் பேப்பர் உங்களிடமா இருக்கிறது? மடித்துக் கொடுத்தீர்களே. என் கையில்தான் இருந்தது. சட்டைப் பையில் இல்லை. சீட்டுக்கடியில் பாருங்கள். கம்பை எடுக்கும்போது கையில் இருந்தது. கம்போடு சேர்த்து...

கடவுளே.

தம்பி, நீங்கள் திரும்பிப் பாருங்கள். நான் பார்க்கமாட்டேன். என்ன செய்கிறாள்? பிரித்துவிட்டாளா? அவள் படிப்பாள், எட்டாவது வரைக்கும் படித்தவள். படிக்கிறாளா? எவ்வளவு நேரமாக? முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், கோபமா, அழுகையா? ஒன்றுமில்லையா? ஒன்றுமில்லை என்றால் எப்படி? கிழிக்கிறாளா? கிழித்தால் நல்லது தம்பி. கிழித்தால் ஜெயசிங்கிடம் சொல்லிவிடலாம், அவள் கிழித்துவிட்டாள், நான் என்ன செய்ய என்று.

மடிக்கிறாளா.

பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டர் வருகிறான். இங்கேதான் வருகிறான்.

கேட்டீர்களா அவன் சொன்னதை? "பெரியவரே, இந்தாங்க. அந்தக்கா குடுக்கச் சொன்னாங்க. கை தவறி வந்திருச்சாம்." கை தவறி. அவளுக்குத் தெரியும் கை தவறித்தான் வந்தது என்று. அதிலும் என்னைச் சந்தேகப்படவில்லை பாருங்கள்.

பிரித்துப் பாருங்கள். ஏதாவது எழுதியிருக்கிறாளா? நன்றாகப் பாருங்கள். பின்பக்கம்? ஒரு வார்த்தை? திட்டி எழுதியிருந்தாலும் சரி. ஒன்றுமே இல்லையா? நான் கையெழுத்துப் போட்ட இடத்திலும் ஒன்றும் இல்லையா?

மடிப்பு மட்டும் நேராக இருக்கிறது. நாம் மடித்ததைவிட நன்றாக மடித்திருக்கிறாள்.

ஏழு. ஆறு. இஞ்சின் பிடித்துக்கொண்டு இறங்குகிறது கேட்கிறதா? இந்தச் சத்தம் இருக்கிறவரைக்கும் பயமில்லை. அவளுக்கு அன்றைக்கு இந்தச் சத்தமும் இல்லை, பிடிப்பும் இல்லை. முதல் திருப்பத்தில் காலை எடுத்திருப்பாள், வண்டி அடங்கும் என்று நம்பி. தினமும் அடங்கின வண்டிதானே. எனக்குத் தெரியும் தம்பி அது எப்படி இருக்கும் என்று. நியூட்ரல் போட்டபோது பாய்ந்ததே, அதே மாதிரிதான். ஆனால் எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து கத்தினார்.

நான் சொல்லியிருக்கலாம். மேலேயே சொல்லியிருக்கலாம், நான்தான் போட்டேன், ரெண்டு சுத்து சுத்திட்டுப் போ தாயி என்று. எவ்வளவு நேரம் ஆகும் அதைச் சொல்ல?

உங்கள் பேனாவைக் கொடுங்கள்.

இல்லை, பேப்பரை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், குலுங்குகிறது. அந்த இடத்தைக் காட்டுங்கள். சார்ஜ் போட்டது என்று இருக்கிறதே, அந்த இடம். அதற்கு அடுத்து இருக்கிறதுதான் அவள் பேர், இல்லையா? தெரிகிறது. பலகையில் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம். அதை அடித்துவிடுகிறேன். நீளமான பேர், ஒரே கோட்டில் அடிபடாது.

அவளுக்காகச் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். சாவி விஷயத்தை நான் மன்னிக்கவில்லை. என் வீடு போனால் போகட்டும், அவள் போட்ட பிச்சையில் நாலு மாதம் அந்த வீட்டில் தூங்க என்னால் முடியாது. தூங்கவும் இல்லை, இந்த இரண்டு மாதமாக.

அடித்த பேருக்கு மேலே என்ன எழுதவேண்டும் என்று நீங்கள் சொல்லவேண்டாம். எழுதித் தரவும் வேண்டாம். கையை எடுங்கள்.

என் பேரை எழுத எனக்குத் தெரியும்.